மரம் ஏறும் தொழிலும் உடல்நலமும்: கருவித் தேர்வு, விபத்து முதலுதவி, மீண்டும் வேலைக்குத் திரும்புதல்

தென்னையில் ஏறிக் காய் பறிப்பவர், பனை ஏறுபவர், வீட்டுக் கூரைமீது சாய்ந்த கிளைகளைக் கழிப்பவர், புயலில் விழுந்த மரங்களை அறுத்து அகற்றுபவர் ஆகியோர் பெரும்பாலும் எவரிடமும் மாதச் சம்பளம் பெறுபவர்கள் அல்லர். அழைப்பு வந்த வீட்டிற்கோ தோப்பிற்கோ சென்று, மரத்திற்கு இவ்வளவு என்று பேசி வேலை செய்பவர்கள். கயிறு, அரிவாள், ஏறும் கருவி, சங்கிலி வாள் அனைத்தும் அவர்களது சொந்தச் செலவு. எதை இவ்வாண்டு வாங்குவது, எதை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிப்போடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்கிறார்கள். அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் பணியாற்றும்போது, அந்த முடிவின் விளைவுகளையே பெரும்பாலும் நாங்கள் பார்க்கிறோம்.

இப்பக்கம் இத்தொழிலில் உள்ளவர்களுக்கும், விபத்திற்குப் பின் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் எழுதப்பட்டது.

உயரத்திலிருந்து விழும்போது உடலுக்கு என்ன நேர்கிறது?

10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நடுத்தர வளர்ச்சியுள்ள ஒரு தென்னையிலிருந்து விழுபவர், ஏறத்தாழ ஒன்றரை வினாடிக்குள் தரையை அடைகிறார். அப்போது அவரது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். எதையேனும் பற்றிக்கொள்ள அந்த நேரம் போதாது. அனுபவம் மிக்கவர் விழும்போதும் இதே கணக்குதான்.

கால் ஊன்றி விழுந்தால் முதலில் குதிகால் எலும்பு நொறுங்குகிறது. அதே விசை முழங்கால், இடுப்பு வழியாக மேலேறி முதுகெலும்பைத் தாக்குகிறது. மார்பு முதுகெலும்புகள் முடிந்து இடுப்பு முதுகெலும்புகள் தொடங்கும் இடம், அதாவது கடைசி விலா எலும்பின் மட்டம், இவ்விசைக்கு எளிதில் உடைகிறது. ஆகவே உயரத்திலிருந்து விழுந்து குதிகாலில் வலி என்று வருபவருக்கு முதுகெலும்பையும் பரிசோதிப்பது மருத்துவர்களின் வழக்கம். "கால்தானே வலிக்கிறது, முதுகுக்கு எதற்குப் படம்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. காரணம் இதுவே. தலைகீழாகவோ பக்கவாட்டிலோ விழுந்தால் கழுத்தெலும்பு முறிவு, மூளைக் காயம், மண்ணீரல் அல்லது கல்லீரல் கிழிதல் ஆகியவை நேரலாம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் நிகழும் விபத்துகளைவிட, தண்டிலிருந்து மட்டைகளுக்கிடையே மாறும் அந்த ஓரிரு நொடிகளே மிகவும் கவனிக்கத்தக்கவை. காய்ந்த மட்டையைப் பற்றும்போது அது அடியோடு பெயர்ந்துவிடும். மழை பெய்த மறுநாள் பாசி படிந்த தண்டு, குருத்துக்குள் கூடு கட்டிய குளவி, வெறும் வயிற்றில் ஏறியதால் வந்த தலைசுற்றல் ஆகியவையும் நோயாளிகள் மீண்டும் மீண்டும் சொல்லும் காரணங்கள்.

எந்தக் கருவியை முதலில் வாங்குவது?

மரபுவழிக் கருவிகளிலிருந்து தொடங்குவோம். பனை ஏறுபவர்களின் தளைநார் கால்களுக்குப் பிடிமானம் தருகிறது. மார்புத்தோல் நெஞ்சுத் தோலைச் சிராய்ப்பிலிருந்து காக்கிறது. இவை தலைமுறைகளாகச் செம்மைப்படுத்தப்பட்ட கருவிகள். இவற்றைக் குறைத்து மதிப்பிடுவது சரியன்று. ஆயினும் இவை ஏறுவதற்கு உதவுபவை. பிடி நழுவிய பின் உடலைத் தாங்கி நிறுத்தும் வேலை இவற்றுக்கு இல்லை.

அடுத்து வந்தவை தென்னை ஏறும் கருவிகள். கேரளத்தின் கண்ணூர் மாவட்டச் செம்பேரியில் உருவான நின்றபடி ஏறும் வகை பரவலாக அறியப்பட்டது. உட்கார்ந்தபடி ஏறும் வகைகளும் கோயம்புத்தூர்ப் பகுதியில் உருவாக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் தண்டைச் சுற்றிய கம்பி வடமே உடல் எடையைத் தாங்குகிறது. மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் மாறி மாறி உயர்த்திச் செல்ல வேண்டும். முழங்கால் தேய்மானமோ தொடை வலியோ உள்ளவர்களுக்கு உட்கார்ந்து ஏறும் வகை இளைப்பாற இடம் தருவதால் ஏற்றது. நின்றபடி ஏறும் வகை வேகமானது. ஒரு நாளில் பல மரங்கள் ஏறுபவர்கள் இதையே விரும்புகிறார்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியில் பெண்களும் இக்கருவிகளைக் கொண்டு மரம் ஏறக் கற்றனர். தண்டின் பருமன் மேலே செல்லச் செல்லக் குறையும் என்பதால், வடத்தின் வளையத்தை மரத்திற்கு மரம் சரிசெய்ய வேண்டும். வடத்தில் ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்த வடத்தை மாற்றிவிடுங்கள்.

இக்கருவி இருந்தால் விழமாட்டோம் என்ற எண்ணம் பரவியுள்ளது. அது தவறு. கருவியிலிருந்து காலை எடுத்துக் குருத்துப் பகுதிக்கு மாறும்போது அவர் எதனுடனும் இணைக்கப்படாதவராகிறார். ஆகவே ஏறும் கருவிக்கு முன்னரே வாங்க வேண்டியது முழு உடல் பாதுகாப்புக் கச்சை என்பதே என் பரிந்துரை.

இங்கு ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டும். கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் இடுப்புப் பெல்ட் வேறு. தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றிப் பிடிக்கும் முழு உடல் கச்சை வேறு. இடுப்புப் பெல்ட் மட்டும் அணிந்து விழுபவரின் உடல், அந்த ஒரே இடத்தில் மடங்கி நிற்கிறது. வயிற்று உறுப்புகள் நசுங்கலாம், முதுகெலும்பு முறியலாம், தலைகீழாகத் தொங்கி பெல்ட்டிலிருந்து நழுவியும் விடலாம். முழு உடல் கச்சை விசையைத் தொடைக்கும் இடுப்புக்கும் பகிர்ந்து அளிக்கிறது. வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையையும் ஐ.எஸ். 3521 என்ற எண்ணையும் பார்த்து வாங்குங்கள். பழைய கச்சையை மலிவாக வாங்க வேண்டாம். முன்பு ஒருவரின் வீழ்ச்சியைத் தாங்கியதா, பெட்ரோலோ மின்கல அமிலமோ பட்டதா, பல ஆண்டு வெயிலில் கிடந்ததா என்பதை வெளித்தோற்றத்தைக் கொண்டு அறிய இயலாது. ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய கச்சையும் கயிறும் அத்துடன் ஓய்வு பெற்றுவிட்டன.

கச்சையை அணிந்தால் மட்டும் போதாது. எதில் இணைக்கிறோம் என்பது முக்கியம். தென்னையின் வழவழப்பான தண்டைத் தளர்வாகச் சுற்றிய கயிறு, நீங்கள் விழும்போது உங்களுடனேயே கீழே வழுக்கி வரும். எடை விழுந்ததும் தண்டை இறுக்கிப் பிடிக்கும் வகையிலான சுருக்கு வளையம் தேவை. கயிற்றில் தொய்வு எவ்வளவு குறைவோ, உடலில் விழும் அதிர்ச்சியும் அவ்வளவு குறைவு. பழைய மட்டைகளையோ கிளைகளையோ கடக்கும்போது ஒரு கயிற்றை அவிழ்க்க வேண்டியிருக்கும். அதனால் இரண்டு கயிறுகள் வைத்துக்கொண்டு, ஒன்றை இணைத்த பின்னரே மற்றதை அவிழ்க்க வேண்டும். வெட்டிய கிளையை இறக்கப் பயன்படுத்தும் கயிற்றை ஒருபோதும் உயிர்க்கயிறாகப் பயன்படுத்தாதீர்கள். அது ஏற்கெனவே பல நூறு கிலோ அதிர்ச்சிகளை வாங்கித் தளர்ந்த கயிறு. இரண்டையும் வெவ்வேறு நிறத்தில் வாங்கினால் குழப்பம் வராது.

தலைக்கவசத்திற்குத் தாடைப் பட்டை இருத்தல் வேண்டும். கட்டுமானத் தொழிலில் அணியும் பட்டையற்ற தொப்பி, மேலிருந்து விழும் காயிலிருந்து காக்கும். ஆனால் அணிந்தவர் விழத் தொடங்கிய உடனே கழன்றுவிடும். ஐ.எஸ். 2925 எண் உள்ள கவசங்கள் கிடைக்கின்றன. தாடைப் பட்டையுடன் கேட்டு வாங்குங்கள். இருசக்கர வாகனக் கவசத்தை அணிந்து மரம் ஏறுபவர்களும் உள்ளனர். அது மேல்நோக்கிய பார்வையை மறைக்கிறது. கீழே நிற்பவரின் குரலையும் கேட்கவிடாது. கீழே கயிறு பிடிப்பவருக்கும் கவசம் தேவை என்பதை மறக்க வேண்டாம்.

சங்கிலி வாள்

'செயின் சா' எனப்படும் சங்கிலி வாள் வேலையை விரைவுபடுத்துகிறது, வருமானத்தையும் கூட்டுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது போன்ற காலங்களில், இவ்வாள் இன்றி மரங்களை அகற்றவே இயலாது. புயலில் சாய்ந்த மரம் நிமிர்ந்து நிற்கும் மரத்தைப் போன்றதன்று. வளைந்து அழுத்தத்தில் இருக்கும் தண்டை அறுக்கும்போது அது வில்லைப்போல் தெறித்து, அறுப்பவரின் முகத்தையோ மார்பையோ தாக்கும். தொழிலுக்குப் புதியவர் புயல் மரங்களில் கற்றுக்கொள்ளத் தொடங்கக் கூடாது.

வாளின் முனையின் மேற்பகுதி மரத்தில் பட்டால், வாள் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவரை நோக்கி எகிறும். முகம், கழுத்து, இடது கை ஆகியவற்றில் வரும் ஆழமான காயங்கள் பல இவ்வாறு நேர்பவை. வாளை வாங்கும்போது சங்கிலித் தடை சரியாகச் செயல்படுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். நாள்தோறும் வேலைக்கு முன் அதைச் சோதியுங்கள். மேற்கைப்பிடி கொண்ட சிறிய வாள்கள் மரத்தின் மேல் வேலை செய்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அவை இலகுவாக இருப்பதாலேயே ஒரு கையால் இயக்கத் தோன்றும். மறு கை அறுபடும் இடத்தில் கிளையைப் பிடித்திருக்கும். விரல்களை இழக்கும் வழி இது. மரத்தின் மேல் வாளை இயக்கும்போது இரு பிணைப்புகள் வேண்டும். அவற்றுள் ஒன்று உள்ளே எஃகு வடம் கொண்ட கயிறாக இருந்தால், வாள் தவறுதலாகப் பட்டாலும் உடனே அறுபடாது.

வெட்டுத் தடுப்புக் காற்சட்டைகளின் உள்ளே நீண்ட இழைகள் அடுக்கப்பட்டிருக்கும். வாள் பட்டதும் அவ்விழைகள் வெளிவந்து சங்கிலிச் சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்திவிடும். நம் வெயிலில் இதை நாள் முழுவதும் அணிவது கடினம் என்பதை அறிவேன். தரையில் நின்று அறுக்கும் வேலைக்குத் தொடையின் முன்புறத்தை மட்டும் மறைக்கும் கட்டும் வகைக் காலுறை போதுமானது. வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். வேட்டியையோ லுங்கியையோ மடித்துக் கட்டிக்கொண்டு வாளை இயக்குவதைவிட எதுவும் மேல்.

மின்கலத்தில் இயங்கும் வாள்கள் இப்போது கிடைக்கின்றன. இவற்றில் புகை இல்லை. சத்தமும் அதிர்வும் குறைவு. பருத்த மரங்களை நாள் முழுவதும் அறுப்பவருக்கு இவை போதாமல் போகலாம். மரத்தின் மேல் கிளை கழிப்பதே முதன்மை வேலை எனில், உடல்நல நோக்கில் இவையே சிறந்த தேர்வு.

நீளக் கம்பும் மின்கம்பியும்

தரையில் நின்றே காய் பறிக்கலாம் என்பதால் நீளக் கம்பு பாதுகாப்பானது என்று கருதப்படுகிறது. மூங்கில் கம்பின் இடத்தை இப்போது அலுமினியக் கம்பு பிடித்துள்ளது. அது இலகுவானது, ஆனால் மின்சாரத்தை முழுமையாகக் கடத்துவது. நம் தெருக்களிலும் தோப்புகளிலும் செல்லும் கம்பிகள் பெரும்பாலும் உறையற்றவை. கம்பின் நுனி பட்ட கணமே கீழே நிற்பவரின் இதயம் நின்றுவிடக்கூடும். மின்கம்பி உள்ள இடத்தில் அலுமினியக் கம்பைப் பயன்படுத்தவே கூடாது. கண்ணாடியிழைக் கம்பு உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்கும்வரை மட்டுமே ஓரளவு பாதுகாப்பானது. பச்சை மட்டையும் ஈரக் கிளையும்கூட மின்சாரத்தைக் கடத்தும். கம்பின் நீளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சாதாரணத் தெருக்கம்பிக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி இல்லையெனில், மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வேலையைத் தொடங்குங்கள். உயர் அழுத்தக் கம்பிகளுக்கு இந்த இடைவெளியும் போதாது.

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். மூச்சு இல்லையெனில் நெஞ்சழுத்தத்தைத் தொடங்குங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் அவருக்கு இதய மின்வரைபடம் எடுத்தாக வேண்டும்.

காது, கை, கதண்டு

பெட்ரோலில் இயங்கும் சங்கிலி வாளின் சத்தம் எளிதில் 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 100 டெசிபலுக்கு மிஞ்சுவது 15 நிமிடங்களே. காதில் பஞ்சு வைப்பது பயன் தராது. காதுமூடி அணிய வேண்டும். வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியை அவர் மட்டும் கூட்டி வைக்கிறார், பேசுவதை இருமுறை கேட்கிறார் என்றால், குடும்பத்தினர் அதை வயதின் குறை என்று விட்டுவிட வேண்டாம். போன செவித்திறன் திரும்பாது, மீதியைக் காக்கலாம்.

வாளின் அதிர்வு நாளடைவில் விரல்களின் நரம்புகளையும் நுண்குழாய்களையும் பாதிக்கிறது. குளிர் நாடுகளில் விரல்கள் வெளுத்துப்போவது முதல் அறிகுறி. நம் வெப்பத்தில் அது தென்படாமல், மரத்துப்போதலும் இரவில் கூச்சமும் சட்டைப் பொத்தானைப் போடச் சிரமமுமே முன்னதாக வரலாம். பிடிவலு குறைந்த கை, மரத்தைப் பிடிக்க வேண்டிய கையும் ஆகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூர்மையான சங்கிலி, அதிர்வுத் தாங்கி தேயாத வாள், இடையிடையே ஓய்வு, புகைப்பிடிப்பதை விடுதல் ஆகியவை உதவும்.

கதண்டு எனப்படும் பெருங்குளவி கூட்டமாகக் கொட்டினால் அது மருத்துவ அவசரநிலை. முகம் வீக்கம், மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் நிமிடங்களுக்குள் அட்ரினலின் ஊசி தேவைப்படும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு உடனே செல்லுங்கள். பல இடங்களில் கொட்டுப்பட்டவர் முதல் நாள் நன்றாக இருந்து, மறுநாள் சிறுநீர் தேநீர் நிறமாகி அளவு குறைந்தால், சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பொருள். அவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

யார் மரம் ஏறக்கூடாது? மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

வலிப்பு நோய் உள்ளவர், மருந்தால் கட்டுப்பட்டிருந்தாலும், மரம் ஏறும் தொழிலில் இருக்கக் கூடாது. காரணம் தெரியாத மயக்கம், அடிக்கடி தலைசுற்றல், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பரிசோதனை முடியும்வரை தரை வேலையை மட்டுமே செய்ய வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் தனிக் கவனத்திற்குரியவர்கள். விடியற்காலையில் கறுப்புத் தேநீர் மட்டும் குடித்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறச் செல்வது பலரின் வழக்கம். கிளிமெப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் இந்நிலையில் இரத்தச் சர்க்கரையைத் திடீரென்று குறைத்துவிடும். வியர்வை, கை நடுக்கம், பார்வை மங்கல் ஆகியவை மரத்தின் உச்சியில் வந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. "நான் மரம் ஏறுபவன்" என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். மெட்பார்மின் போன்ற, சர்க்கரையை அவ்வாறு தாழ்த்தாத மருந்துகளைக் கொண்டு சிகிச்சையை அமைக்க முடியுமா என்று அவர் பார்ப்பார். இரத்த அழுத்த மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கத்திற்கான மாத்திரைகள், சளிக்குத் தரப்படும் சில ஒவ்வாமை மாத்திரைகள் ஆகியவையும் தலைசுற்றலையோ தூக்கத்தையோ தரக்கூடும். புதிய மருந்து தொடங்கிய முதல் சில நாள்களில் ஏற வேண்டாம். கூலித் தொழிலாளருக்கு இது வருமான இழப்பு என்பதை மருத்துவரும் மனத்தில் கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உடல் வலிக்காக இரவில் குடிப்பவர்கள் பலர். அளவுக்கு மீறிக் குடித்த இரவின் மறுநாள் காலையிலும் உடலின் சமநிலை குறைந்தே இருக்கும். காலையில் போதை தெளிந்துவிட்டது என்று அவர் சொன்னாலும், அன்று தரை வேலை போதும் என்று வீட்டார் சொல்லலாம்.

விழுந்தவரை எப்படித் தூக்குவது?

இப்பக்கத்தில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கீழே விழுந்தபோது கால் விரல்களை அசைத்துக்கொண்டிருந்த ஒருவரை, நல்லெண்ணத்தோடு நான்கு பேர் அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, மடக்கி ஆட்டோவில் அமரவைத்து அழைத்து வருவதையும், மருத்துவமனை வந்து சேரும்போது அவர் கால்களை அசைக்க முடியாமற் போவதையும் விபத்துப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் அறிவார்கள். உடைந்த எலும்பின் கூரிய துண்டு, உடலை மடக்கும்போது தண்டுவடத்தை அழுத்தக்கூடும். விழுந்த கணத்தில் நேர்ந்த காயத்தை நாம் மாற்ற முடியாது. அதன்பின் நேரும் காயத்தைத் தடுக்க முடியும்.

விழுந்தவரை எழுப்பி உட்காரவைக்காதீர்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், மேலும் மயக்க நிலையில் அது நுரையீரலுக்குள் சென்றுவிடும். 108ஐ அழைத்து, "உயரத்திலிருந்து விழுந்துவிட்டார்" என்பதையும், ஏறத்தாழ எத்தனை அடி என்பதையும், கை கால் அசைகிறதா என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். "தலையை அசைக்காதே, வண்டி வருகிறது" என்று அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள். தலைக்கவசம் அணிந்திருந்து மூச்சு சீராக இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். வாந்தி எடுத்தால் தலை, தோள், இடுப்பு, கால் நான்கையும் ஒரே மரக்கட்டையை உருட்டுவதுபோல் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்புங்கள். தலையைப் பிடித்திருப்பவர் சொல்லும் எண்ணிக்கைக்கு மற்றவர்கள் இயங்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் மட்டும் இவை அனைத்தையும் விட்டு நெஞ்சழுத்தமே முதல் வேலை.

வாகனம் வரவே இயலாத தோப்பு எனில், கதவுப் பலகையையோ அகன்ற பெஞ்சையோ கொண்டு வந்து, குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து மேற்சொன்னவாறு உருட்டி அதன்மேல் கிடத்தி, தலையின் இருபுறமும் துணிச்சுருள் வைத்துக் கட்டித் தூக்குங்கள். சரக்கு வண்டியின் தட்டையான பின்பகுதி ஆட்டோவைவிட நல்லது.

கச்சையில் தொங்கிக்கொண்டிருப்பவரை விரைந்து இறக்க வேண்டும். அசைவின்றித் தொங்கும்போது கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே நினைவிழப்பும் உயிராபத்தும் நேரலாம். நினைவோடு இருந்தால் கால்களை உதைத்துக்கொண்டும் தண்டில் ஊன்றிக்கொண்டும் இருக்கச் சொல்லுங்கள். இறக்கிய பின் உட்காரவைக்க வேண்டும் என்று முன்பு சொல்லப்பட்டது; இப்போதைய வழிகாட்டுதல்படி வழக்கம்போல் படுக்கவைப்பதே சரி. இதனால்தான், தனியாக ஒருவர் மரம் ஏறவே கூடாது. கீழே நிற்பவரும் ஏறத் தெரிந்தவராக இருத்தல் நலம்.

வாள் வெட்டுக்குக் காயத்தின்மேல் தூய துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதையும் போடாதீர்கள். கை அல்லது காலில் இரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்திற்கு நான்கு விரற்கடை மேலே அகன்ற துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டு வாருங்கள். விரலைப் பனிக்கட்டியில் நேரடியாகப் போடக் கூடாது.

விழுந்தும் நடந்து வீட்டிற்கு வந்துவிட்டவருக்கும் பரிசோதனை தேவை. எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் எண்ணெய் தேய்த்து நீவுதல், கட்டுப் போடுதல் எதுவும் வேண்டாம்.

தண்டுவடக் காயத்திற்குப் பின் வீட்டில்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் நோயாளிக்கு வரும் ஆபத்துகள் பெரும்பாலும் தோலிலும் சிறுநீர்ப்பையிலும் தொடங்குகின்றன. உணர்ச்சியற்ற தோல் நசுங்குவது நோயாளிக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நாள்தோறும் புட்டம், இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அழுத்தத்தை நீக்கியும் மறையாவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். சிறுநீருக்கு நிலையான குழாயைவிட, நாளுக்கு 4 முதல் 6 முறை தூய்மையான குழாயைச் செலுத்தி வெளியேற்றும் முறை பலருக்கு நல்லது; இதைச் செவிலியரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். மார்பின் நடுப்பகுதிக்கு மேல் தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குத் திடீரென்று மண்டை இடிப்பதுபோல் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை வந்தால், அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருக்கலாம். தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டிற்கே வந்து அளிக்கப்படுகின்றன. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்தில் தண்டுவடக் காயமடைந்தோருக்குச் சிகிச்சை உண்டு.

பராமரிப்பவரும் நோய்வாய்ப்படுகிறார். மனைவி ஒருவரே இரவும் பகலும் புரட்டிக்கொண்டிருந்தால் சில மாதங்களில் அவரது முதுகும் மனமும் தளர்ந்துவிடும். முறைவைத்துக்கொள்ளுங்கள். நோயாளி உணவை மறுத்தாலோ, வாழ்ந்து பயனில்லை என்று பேசினாலோ 104ஐ அழைத்து ஆலோசனை பெறுங்கள்.

செலவும் காப்பீடும்

சாலை விபத்துகளுக்கான 'இன்னுயிர் காப்போம்' திட்டம் மரத்திலிருந்து விழுந்தவருக்குப் பொருந்தாது; இதை அறியாமல் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். விபத்திற்கு முன்பே அட்டையைப் பெற்று வைத்திருந்தால் அலைச்சல் குறையும். பனை ஏறுபவர்களுக்கும் உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்கும் நல வாரியங்கள் உள்ளன. பதிவு செய்து, உரிய காலத்தில் புதுப்பித்து வாருங்கள். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. விபத்து மரணத்திற்கும் முழு நிரந்தர ஊனத்திற்கும் 2 லட்சம் ரூபாய், பகுதி நிரந்தர ஊனத்திற்கு 1 லட்சம் ரூபாய் கிடைக்கும். காப்பு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குவதால், மே இறுதியில் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் திட்டமாயினும் விபத்துப் பதிவேட்டின் நகலும் மருத்துவமனை விடுவிப்புச் சுருக்கமும் தேவைப்படும். "மரத்திலிருந்து விழுந்தது" என்று அதில் சரியாகப் பதிவாகியுள்ளதா என்பதை மருத்துவமனையை விட்டுச் செல்லுமுன் படித்துப் பாருங்கள்.

மீண்டும் மரம் ஏறலாமா?

எலும்பு முறிவு குணமான பின் நோயாளிகள் கேட்கும் முதல் கேள்வி இதுவே. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருப்பது மட்டும் விடையாகாது. ஒற்றைக் காலில் நின்று சமநிலை காக்க முடிகிறதா, இரு கைகளாலும் உடல் எடையைத் தாங்க முடிகிறதா, குந்தி எழ முடிகிறதா என்று இயன்முறை மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். குதிகால் முறிவுக்குப் பின் பாதம் பக்கவாட்டில் திரும்பும் திறன் குறைந்துவிடுவதால், வளைந்த தண்டில் கால் பதிப்பது பலருக்கு நிரந்தரமாகக் கடினமாகிறது. தலைக்காயத்திற்குப் பின் வலிப்பு வந்தவர் ஏறவே கூடாது.

ஏற முடியாதவர் தொழிலை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. எந்த மரம் உள்ளே சொத்தையானது, எந்தக் கிளை எந்தப் பக்கம் விழும் என்று தரையிலிருந்தே சொல்லும் கண் அவருக்கு உண்டு. கயிறு பிடித்தல், வேலையைப் பேசி எடுத்தல், கருவிகளைப் பழுதுபார்த்தல், வாள் சங்கிலிகளுக்குச் சாணை பிடித்தல், தென்னங்கன்று வளர்த்தல் ஆகியவற்றுக்கு மாறியவர்கள் உள்ளனர். ஊனச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றால் சுயதொழில் கடனுதவிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். மீண்டும் ஏறத் தகுதி பெற்றவர்கள், முதல் மாதத்தில் உயரம் குறைந்த மரங்களில், காலை வேளையில் மட்டும், துணைக்கு ஒருவருடன் தொடங்குங்கள். விபத்தின்போது அணிந்திருந்த கச்சையையும் கயிற்றையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம். வேறு எவரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி அவற்றை வெட்டிப் போட்டுவிடுங்கள்.